ஞானையா மாற்றிய பாஸ்வேர்டு

மறுபடியும் தப்பு என்றது கம்ப்யூட்டர். தலைமையாசிரியர் ஞானையாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

நாளைக் காலையில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. கேள்வித்தாள் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியோ தொண்ணூற்றெட்டாம் வருடத்து விண்டோஸ், சேரன்மகாதேவி வெயிலையெல்லாம் குடித்துத் தீர்த்தது. மூன்று வருடமாக இந்தத் தேர்வில் ஒரு பிள்ளை தோற்றதில்லை. இந்தத் தடவையும் அப்படியே நடந்தால், மே மாதம் ஓய்வு பெற வேண்டியவருக்குப் பணி நீட்டிப்பு என்று தாளாளர் கிருபைராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால்தான், எந்தப் பயலும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று போன வாரம் பாஸ்வேர்டை மாற்றினார். மாற்றிய பாஸ்வேர்டு அவருக்கே மறந்துபோயிற்று.

கம்ப்யூட்டர் ஆசிரியர் ஹெப்ரானைக் கூப்பிட்டார்.

"நீரு அந்தச் சுவரைப் பாத்து நில்லும் வே. நான் அடிச்சுப் பாக்குதேன்."

ஹெப்ரான் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "சார், இது நான் பொறக்கதுக்கு முந்துன பெட்டி. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தலாம். கேள்வியும் போயிரும்."

"இதைச் சொல்லவா உமக்குச் சம்பளம்?"

வீட்டுக்குப் போன் போட்டு மனைவியைப் பிடித்தார்.

"ஜெசி, உன் பொறந்தநாள் என்னைக்கு?"

"இத்தன வருசம் குடும்பம் நடத்திட்டு இதக் கேக்குதியளே."

"நான் கேக்கல, கம்ப்யூட்டர் கேக்குது."

"அப்ப ராத்திரிச் சோத்தையும் அதுகிட்டயே கேளுங்க."

வேறு வழியில்லை. தேர்வைத் தள்ளிவைக்கலாமா என்று தாளாளரிடம் பையக் கேட்டார்.

"ஏன் வே, பிள்ளைய படிக்கலையோ?"

ஞானையாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. களக்காட்டு மலையில் இருக்கிற புலிகளைக்கூட எண்ணிவிடலாம், தம் பள்ளியின் கணக்குப் புலிகளை எண்ண முடியாது என்று மேடைதோறும் முழங்கியவர் அவர்.

"எம் பிள்ளைய எந்தக் கேள்விக்கும் எழுதுவாவ. வேற பேப்பரே போடுதேன், கஷ்டமாவே போடுதேன்."

"அப்படியா? நானே வந்து நிக்கேன். பேப்பரையும் வெளியாளுகிட்ட குடுத்துத் திருத்துதேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று தோன்றியது. ஆனாலும் தம் பிள்ளைகள் கைவிட மாட்டார்கள் என்று தேற்றிக்கொண்டு, மூளையைக் கசக்கிப் புதுக் கேள்விகளைக் கையால் எழுதினார். எழுதியதை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார்.

கடைக்காரர் அலி அஸ்கர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், கேள்வி மாறிட்டா? முந்தாநாளு எல்லாப் பிள்ளையளும் வேறல்லா எடுத்துட்டுப் போனாவ. பாஸ்வேர்டு கேட்டா 'கேன்சல்' அமுக்குனாலே அந்தப் பெட்டி தொறந்துருதாம். மத்தியானம் நீங்க கண்ணசந்ததும் போன்ல படம் புடிச்சாந்து, மூணு வருசமா எங்கிட்டதான பிரிண்ட் போடுதாவ."