பாகற்காய்க்கு விடுதலை

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர்கள்: மேஸ்திரி. அவர் மச்சான் கருப்பையா. சுவருக்கு மெருகு போடுகிற சோலை. சுண்ணாம்பு அரைக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். கடைசியில் நான். இலை ஆறு.

பரிமாறியவர் கோர்ட்டு. உலகத்தில் சமையல்காரர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். காய்கறிக்காக வக்கீலாக நின்று வாதாடி, ஜட்ஜாக உட்கார்ந்து தீர்ப்பும் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அவர் சொந்தப் பேர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு மாமரத் தகராறில் சாட்சி சொல்லச் சிவகங்கைக் கோர்ட்டுக்குப் போனவர், சொல்லி முடித்த பிறகும் மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாராம். திரும்பி வந்தது முதல் வாயில் அந்தப் பேச்சுத்தான்.

கீழச்சிவல்பட்டியில் ஓர் ஆச்சி புது வீடு கட்டினார். எங்களுக்குப் பூச்சு வேலை. சாப்பாடும் அங்கேயே. சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்போம். சுவருக்கு வெள்ளை, எங்களுக்கு மஞ்சள். நாள் தவறாமல் மஞ்சள்கருப் பொரியல். ஞாயிறன்று ஆடு. காய் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தோம்.

அப்போது அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். அவிழ்க்கப் பதினைந்து நாள். அதுவரை ஊருக்குள் கவிச்சி கூடாது. முட்டையும்தான். கட்டும்போது ஊரில் இருந்தவர்கள் வெளியூரில் போய்த் தங்கவும் கூடாது. மாட்டிக்கொண்டோம். மெருகை நிறுத்திவிட்டு அடிப்பூச்சைப் பார்த்தோம்.

முதல் நாள் வெண்டைக்காயும் பாகற்காயும். ஆறு பேரும் இலை ஓரத்தில் ஒதுக்கினோம். எழுந்ததும் கோர்ட்டு குனிந்து இலை இலையாக எண்ணினார். எண்ணியதை உரக்கப் படித்தார்.

“மேஸ்திரி, பத்தொம்போது. கருப்பையா, பதினொண்ணு…”

“என்னய்யா இது, எச்சி எலையில எண்ணிக்கை?” என்றார் மேஸ்திரி.

“குத்தப் பத்திரிகை மேஸ்திரி. நாளைக்கு விசாரணை.”

விசாரணை என்னிடமிருந்து தொடங்கியது. கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்.

“வெண்டைக்கா மேல ஒனக்கு என்ன பிராது?”

“வழவழங்குது.”

“ஒங்க வீட்டுல கழுவி நறுக்குவாகளா, நறுக்கிக் கழுவுவாகளா?”

யோசித்தேன். “நறுக்கிக் கழுவுவாக.”

“கேட்டீகளா! காயி மேல குத்தமில்ல. விடுதலை!” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாளெல்லாம் வழவழன்னு செவத்தத் தடவுற பய. இவனுக்கு வாயில வழவழன்னா ஆகாதாம்ல?”

அண்ணன் தம்பி சிரித்ததில் அண்ணனுக்குப் புரையேறியது.

அன்றைக்கு மண்டி வைத்திருந்தார். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்டு, வெண்டைக்காயை முன்னமே வதக்கிச் சேர்த்தது. தின்றேன். வழவழப்பு இல்லை. இன்னொரு கரண்டி கேட்டேன். ஒன்றும் நடக்காதது போல ஊற்றினார். மீசை மட்டும் ஆடியது.

அவர் கட்சி இதுதான். காயை யாரும் வெறுப்பதில்லை. அதை முதலில் சமைத்துப் போட்ட கையை வெறுக்கிறோம், இல்லையென்றால் அந்த நாளை. கருப்பையாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது. சின்ன வயதில் அத்தை வைத்த குழம்பில் புழு கிடந்தது. “ஒங்க அத்தைக்குக் கண்ணு மங்கல். அது கத்தரிக்கா குத்தமா?” விடுதலை. சோலைக்கு வாழைத்தண்டு ஆகாது. காய்ச்சலில் கிடந்தபோது தின்றது. “காச்சல்ல தேனும் கசக்கும்யா.” அதுவும் விடுதலை.

மேஸ்திரி மட்டும் அசையவில்லை. தினமும் “எனக்கு வாய்தா போடும்யா” என்று சொல்லிவிட்டு, மோரை ஊற்றித் தின்று எழுந்துவிடுவார். ஏழாம் நாள் ஆச்சியிடமே போய்விட்டார்.

“ஆச்சி, இந்தப் புல்லத் தின்னுட்டு சாரம் ஏற முடியாது. காப்ப அவுத்த அன்னைக்கே நாங்க நெற்குப்பைக்குப் போறோம். அங்குட்டு வேல கெடக்கு. தெனம் கறி போடுறாக.”

அவர் போனால் நாங்களும் போக வேண்டியவர்கள். ஆச்சியின் வீட்டுக்காரர் அப்பச்சி ரங்கூனில் கப்பல் ஏறியாயிற்று. குடிபுகும் நாளும் குறித்தாயிற்று. ஆச்சி கோர்ட்டைக் கூப்பிட்டார். நான் சாரத்தின் மேல் இருந்தேன். கேட்டது.

“அவுக போயிட்டா வீடு நின்னு போகும். அவுக கெளம்புற அன்னைக்கு நீயும் மூட்டையக் கட்டிக்க.”

“சரி ஆச்சி.”

அவ்வளவுதான். மேஸ்திரியிடம் அவர் இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரக்கப்பட்டுத் தின்றால் அதை அவர் தீர்ப்பில் சேர்க்க மாட்டார்.

பதினான்காம் நாள்.

“இனி வாய்தா இல்ல மேஸ்திரி. நாளைக்குக் காப்ப அவுக்குறாக. பாகக்காய மொதல்ல ஒங்களுக்குச் சமச்சுப் போட்டது யாரு?”

மேஸ்திரி மச்சானைப் பார்த்தார். கருப்பையா கூரையைப் பார்த்தான்.

“எம் பொஞ்சாதி. கல்யாணமாகி மூணாம் நாளு.”

“அன்னைக்குச் சண்டையோ?”

“சண்டதேன்.”

“யாரு மேல தப்பு?”

அண்ணன் தம்பிகூட மெல்லுவதை நிறுத்தினார்கள். கருப்பையா தொண்டையைச் செருமினான். அவன் அக்காள் விஷயம்.

“எம்மேலதேன்,” என்றார் மேஸ்திரி.

“பெறகு இத்தன வருசமா இந்தக் காயி எதுக்குச் செறையில கெடக்கு?”

பரிமாறினார். மெல்லிசாக நறுக்கி, உப்புப் பிசறிப் பிழிந்து, நல்லெண்ணெயில் முறுகவிட்டு, புளியோடு கொஞ்சம் வெல்லமும் சேர்த்தது. மேஸ்திரி ஒரு துண்டு மென்றார். இன்னொன்று. கை கழுவ எழுந்தார். இலையில் மூன்று மிச்சம். கோர்ட்டு எண்ணினார். படிக்கவில்லை.

மறுநாள் காப்பு அவிழ்த்தார்கள். நெற்குப்பை வண்டி வாசலில் வந்து நின்றது. “கெடா வெட்டியாச்சு, ஏறுங்க” என்றான் வண்டிக்காரன். கோர்ட்டு அடுப்படி நிலைப்படியில் நின்றார். காலடியில் மூட்டை.

மேஸ்திரி ஒரு காலை வண்டிச் சக்கரத்தில் வைத்தார். அப்படியே திரும்பினார்.

“ஏன்யா கோர்ட்டு, நாளைக்கு என்ன காயி?”

“பாகக்கா.”

மேஸ்திரி காலை இறக்கினார்.

“இங்குட்டு வேல முடியலப்பா,” என்றார் வண்டிக்காரனிடம். “முடிச்சுட்டு வாறோம்.”

நிலைப்படியில் ஆள் இல்லை. மூட்டையும் இல்லை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

வீடு முடிந்தது. அப்பச்சி வந்து குடிபுகுந்தார். நாங்கள் கிளம்புகிற நாள் மேஸ்திரி அடுப்படிக்குள் போய்க் கோர்ட்டை வெளியே தள்ளினார். தானே பாகற்காய் நறுக்கினார். துண்டு ஒவ்வொன்றும் செங்கல் பருமன். உப்பைச் சுண்ணாம்பு கொட்டுவது போலக் கொட்டினார்.

கோர்ட்டு எங்களோடு ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. “தீர்ப்புச் சொல்றவன் கட்சிக்காரவுகளோட திங்கப்படாது” என்பார். அன்றும் அதையே சொன்னார்.

“கோர்ட்டுக்கு இன்னைக்கு லீவு. உக்காரும்யா,” என்றார் மேஸ்திரி.

உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வரத் தின்றார். உப்பாகத்தான் இருக்கும். ஒரு துண்டு மிச்சமில்லை.

எண்ணியது நான். இலை ஏழு.