எல்லாக் கணவன் வேடமும் எனக்கே

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம், என் முழங்கால் ஒன்று நீங்கலாக. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே சௌக்கியமாயிருக்க வேண்டும்.

எங்கள் மையம் நடத்தும் உளவியல் மாலை வகுப்பில் சேர, என் பரிந்துரைக் கையெழுத்துக் கேட்டு நீ அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருக்கிறாய். நாற்பத்தொன்பது வயதில் உனக்கு எதற்கம்மா இது? கையெழுத்துப் போடுவதாக இல்லை. காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

நான் இந்த மையத்தில் சேர்ந்தபோது பதினொரு ஆண்கள், ஒரே ஒரு அம்மாள். கூட்டம் நடந்தால் அந்த அம்மாள்தான் குறிப்பெடுப்பார், டீயும் சொல்வார். அவரும் எங்களைப் போல உளவியலாளர்தான் என்பது அவர் ஓய்வுபெற்ற நாளில்தான் எங்களுக்கு உறைத்தது. இப்போது பதின்மூன்று பெண்கள், நான் ஒருத்தன், டீ நான்தான் சொல்கிறேன். ஆண்கள் கழிவறையில் உளவியல் சோதனைப் பெட்டிகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். அவசரமென்றால் சாவிக்குத் தலைமை மேடத்திடம் போய் நிற்க வேண்டும், அவரோ யாருக்காவது ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பார், கதவைத் தட்டக்கூடாது. மேல்தட்டில் எது இருந்தாலும் "சார், கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்பார்கள். என் உயரம் உனக்குத் தெரியும். ஸ்டூலில் ஏறி இறங்கியே முழங்கால் போயிற்று.

அதெல்லாம்கூடப் போகட்டும். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நடித்துப் பார்க்கும் வகுப்பு ஒன்று உண்டு. ஒருத்தி ஆலோசகர், மற்றவர்கள் பிரச்சினையோடு வந்த குடும்பம். ஆண் வேடம் எது வந்தாலும் என் தலையில்தான். சென்ற வாரம் மட்டும் குடிக்கிற கணவன், சந்தேகப்படுகிற கணவன், வாயே திறக்காத கணவன் என்று ஐந்து நாளில் எட்டு மனைவிகளிடம் திட்டு வாங்கினேன். வீட்டுக்குப் போனால் உன் அண்ணி, "ஏன் இவ்ளோ லேட்டு?" என்கிறாள், நான் பழக்கதோஷத்தில், "இனிமே குடிக்க மாட்டேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து தினமும் என் வாயை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறாள்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, அண்ணன் வேடம். தங்கையைப் படிக்கவிடாமல் தடுத்த அண்ணனாம். தங்கையாக வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தமே போடாமல், "நீங்க அப்பாகிட்ட என்ன சொன்னீங்கண்ணா?" என்றாள்.

"உளவியல் ஆம்பளைங்க பாக்குற வேலைப்பா, அவளுக்கு மனசு தாங்காதுன்னு சொன்னேன்" என்றேன். கையில் கொடுத்த சீட்டில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அப்புறம்?"

"அப்பா சரின்னுட்டாரு. அவ போய் ரத்தப் பரிசோதனைப் படிப்புல சேந்தா."

தன் வேடத்தை விட்டுவிட்டு, "அவகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷமாயிற்று, கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறேன் துடைக்கிறேன், கண் தெரியவில்லை. அத்தனை பேர் இருந்த அறையில் மனசு தாங்காமல் போனவன் நான் ஒருத்தன்தான். எல்லோரும் கைதட்டி, "சார், நடிப்பு பிரமாதம்" என்றார்கள். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

ஆகவே, இப்படிக் கண்ட கேள்வியும் கேட்கிற இடத்துக்கு நீயும் வந்து சேர்வது எனக்குச் சரிப்படாது. அவர்களிடம் நடிப்பு என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். உன்னிடம் முடியாது.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. நீ நினைத்ததெல்லாம் நடந்து, நிறைவாய் இருக்க வாழ்த்தும்,
அண்ணன்.

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் என் வீம்புக்காக எழுதியது. விண்ணப்பத்தை இன்று காலையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நான் செஞ்சது தப்பு தங்கச்சி, மன்னிச்சிரு. அதில் 'விண்ணப்பதாரரை எத்தனை ஆண்டுகளாக அறிவீர்கள்?' என்று ஒரு கட்டம் இருந்தது. நாற்பத்தொன்பது என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'நேற்றிலிருந்து' என்று எழுதினேன். அலுவலக அம்மாள் அது செல்லாது என்றாள். சண்டை போட்டு வாங்க வைத்துவிட்டுத்தான் வந்தேன்.