அணில் கேட்டு வாங்கிய பில்

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. காடென்றால் புலி இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. அதுதான் தாளாளர். அட்மிஷன் நாளில் மட்டும் குகையை விட்டு வெளியே வரும்.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் அணில் பூவேந்தனும் எருமை மாசானமும் தங்கிப் படித்தன. படித்தன என்பது ஒரு மரியாதைக்கு. படித்தது அணில் மட்டும்தான். மூன்று வருடமும் வகுப்பில் முதல். எருமைக்குப் பதினோரு அரியர். தூக்கத்திலும் அது குறை வைக்கவில்லை.

அந்த விடுதியில் ஒரு வழக்கம். படிப்பு முடிந்து கிளம்பும் சீனியர்கள் தங்கள் வாளி, மெத்தை, சைக்கிள் எல்லாவற்றையும் ஜூனியர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். வாளியில் ஓட்டை இருந்தாலும் ஜூனியர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

குரங்கு சீனியர் கிளம்பும்போது இரண்டு சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்தது.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்கடா. ஒரு கூடை கொய்யாப்பழம் குடுத்தா போதும்."

"சரிண்ணே" என்று எருமை ஏறி உட்கார்ந்தது. டயர் வெடித்தது. அதைப் பற்றியும் அது ஒன்றும் கேட்கவில்லை.

அணில் மட்டும் தயங்கியது. "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு பில்லு எழுதிக் குடுத்துருங்க."

"சீனியர்கிட்டயே பில்லாடா?" என்று குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. ஆனாலும் எழுதிக் கொடுத்தது. 'இந்த சைக்கிள் என்னுடையது. திருடியது அல்ல. இப்படிக்கு, குரங்கு.' இரண்டாவது வரி அணில் சொல்லிச் சேர்த்தது. அந்தத் தாளை ஃபைலில் பத்திரப்படுத்திவிட்டு, குரங்குப் பெடல் போட்டு வகுப்புக்குப் போய்வந்தது.

இரண்டு சைக்கிளும் தபால்கார நாரையுடையவை. நாரைக்கு இறக்கை உண்டு. ஆனாலும் அரசாங்க உத்தியோகம் ஆயிற்றே, சைக்கிளில்தான் போகும். அது புகார் கொடுக்க, செந்நாய் போலீஸ் விடுதிக்கு வந்தது. குரங்கு அதற்குள் நாலு காடு தாண்டியிருந்தது. ஓடிப்போனவனைப் பிடிப்பதைவிட உட்கார்ந்திருப்பவனைப் பிடிப்பது சுலபம் அல்லவா? அணில் மீதும் எருமை மீதும் வழக்குப் பதிவானது: திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கிய குற்றம்.

முதல்வர் மயில் இரண்டையும் கூப்பிட்டுச் சொன்னது: "கேஸை ஜெயிச்சுட்டு வாங்க. அப்புறம்தான் ஹால் டிக்கெட்."

பக்கத்துக் காட்டில் அணிலுக்கு வேலை கிடைத்திருந்தது. கடைசிப் பரீட்சையை எழுதாவிட்டால் வேலையும் போச்சு, வருடமும் போச்சு. எருமை, "எனக்கொண்ணும் அவசரமில்லைங்க மேடம்" என்றது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே வக்கீல், ஓணான் ஏகாம்பரம். தன் கட்சிக்காரர் பேசினாலும் தலையாட்டுவார், எதிர்த்தரப்பு பேசினாலும் தலையாட்டுவார். அவ்வளவு அனுபவம்.

"தெரிஞ்சு வாங்கினாத்தான் தம்பி குத்தம். உங்களுக்குத் தெரியாதுன்னு காட்டிட்டா போதும்."

"என்கிட்ட பில்லே இருக்கு சார்!" என்றது அணில். ஓணான் தலையாட்டினார்.

ஆறு வாய்தா போய், பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆமை நீதிபதி முன் விசாரணை வந்தது.

முதலில் எருமை. ஓணான் அதன் மார்க் ஷீட்டுகளை நீட்டினார். "ஐயா, பதினோரு அரியர். இவருக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு, திருட்டு மட்டும் தெரிஞ்சிருக்க?"

நீதிபதி எருமையைப் பார்த்தார். "சைக்கிள் யாரோடதுன்னு கேட்டியாப்பா?"

"கேக்கணுமாங்கய்யா?"

நீதிபதிக்கு மனம் இளகிவிட்டது. விடுதலை.

அடுத்து அணில். அரசு வக்கீல் நரி அதன் மார்க் ஷீட்டைப் புரட்டியது. "எல்லாத்துலயும் முதல். சட்டப் பாடத்துல நூத்துக்கு நூறு. உங்களுக்கா தெரியாது?"

ஓணான் பெருமிதத்தோடு பில்லை எடுத்து வைத்தார். நரி அதை இரண்டு முறை படித்தது.

"சீனியர்கிட்ட வாளி வாங்கினீங்களே, பில் கேட்டீங்களா?"

"இல்லைங்க."

"மெத்தைக்கு?"

"இல்லைங்க."

"சைக்கிளுக்கு மட்டும் ஏன்?"

"பெரிய பொருளாச்சே, எதுக்கும் இருக்கட்டும்னு..."

"'திருடியது அல்ல'ன்னு எழுதச் சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"திருட்டுன்னு சந்தேகமே படாதவர் வாயில அந்த வார்த்தை எப்படிங்க வரும்?"

அணில் தன் வக்கீலைப் பார்த்தது. அவர் நரிக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சந்தேகம் இருந்திருக்கிறது. ஆகவே குற்றவாளி" என்றார் நீதிபதி. "நல்ல மாணவன் என்பதால் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்து விடுகிறேன்." தீர்ப்பில் 'குற்றவாளி' என்ற அந்த ஒரு வார்த்தை போதாதா? ஹால் டிக்கெட் போயிற்று.

அணில் கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்து அழுதது. சொல்லும் எனக்கே வயிறு எரிகிறது. ஓணான் பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னார்: "ஒரே ஒரு அரியர் வெச்சிருந்தா உன்னைக் காப்பாத்தியிருப்பேன் தம்பி."

எருமை ஹால் டிக்கெட்டோடு போய்ப் பரீட்சை எழுதி, பன்னிரண்டாவது அரியரோடு திரும்பியது.

மறு வருடம் அணில் பரீட்சைக்கு உட்கார்ந்தது. கடைசித் தாளில் எல்லாக் கேள்விக்கும் விடை தெரியும். கண்ணில் நீர் முட்ட, பேனாவை மூடி வைத்துவிட்டு வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தது. ஆறு மாதம் கழித்து அதே பாடத்தை எழுதி நூற்றுக்கு நூறு வாங்கியது, வேறு வேலைக்கும் போயிற்று. ஆனால் ஃபெயிலான அந்த மார்க் ஷீட்டை லேமினேஷன் போட்டு இன்றைக்கும் சட்டைப் பையில் வைத்திருக்கிறது. கடையில் பில்லை நீட்டினால், "ஐயோ, எனக்கு வேண்டாங்க" என்று ஓடிவிடுகிறது.

நீதி: படிப்பு சோறு போடும், கோர்ட்டில் காப்பாற்ற ஒரு அரியராவது வேண்டும்.