பூஞ்சை உண்டு என்று எழுதியிருந்த ஆறு தட்டுகள்

மதிப்பிற்குரிய பேராசிரியை அம்மா அவர்களுக்கு,

தங்களிடம் மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்துவரும் பெண்ணின் தகப்பன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். தங்கள் நலத்தையும் ஆய்வுக்கூடத்தின் நலத்தையும் அறிய ஆவல். மகள் வீட்டில் விட்டுச்சென்ற பன்னிரண்டு தட்டுகளில் ஆறு நலம். மீதி ஆறைப் பற்றியே இக்கடிதம்.

அடியேன் முப்பத்தெட்டு வருடம் பெயிண்ட் கான்ட்ராக்ட் எடுத்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் மேஸ்திரி சாக்பீஸோடு வீட்டைச் சுற்றிவந்து, எந்தச் சுவரில் ஈரம் ஏறிக் கறை பிடித்திருக்கிறதோ அங்கே "பூஞ்சை உண்டு" என்று எழுதிவிட்டுப் போவார். மறுநாள் ஆட்கள் வந்து, எழுதிய இடத்திலெல்லாம் பூஞ்சையைக் கொல்லும் மருந்து அடிப்பார்கள். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.

இப்போது தங்களுக்கே விஷயம் புரிந்திருக்கும். மகள் ஐந்து நாள் கருத்தரங்குக்குப் போனபோது தட்டுகளை பால்கனியில் அடுக்கிவைத்து, காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். தட்டில் இருப்பது ஏதோ பச்சையாய், தட்டையாய், இலையும் இல்லாமல் தண்டும் இல்லாமல் படர்ந்து கிடக்கிறது. நான் பாசி என்றேன், இல்லை என்று சண்டைக்கு வந்தாள். சரி, போகட்டும். ஆறு தட்டில் "பூஞ்சை உண்டு" என்று அவள் கையெழுத்திலேயே சீட்டு ஒட்டியிருந்தது. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி, சொல்ல மறந்துட்டா, அப்பன் கூடவா கவனிக்கக் கூடாதுன்னு பரணிலிருந்து பழைய மருந்தை இறக்கி, ஆறுக்கும் ரெண்டு கோட் அடிச்சேன். பாத்துப் பாத்து அடிச்சேம்மா, ஒரு மூலை விடல.

சாயங்காலம் போன் பண்ணினா. "சீட்டு ஒட்டினதெல்லாம் முடிச்சுட்டேன்"னு சொல்ல வாயெடுத்தவன், நல்லவேளை, அது என்ன சீட்டுன்னு முதல்ல கேட்டுவெச்சேன். நான் கேட்டுட்டேன்னு அவளுக்கு ஒரே சந்தோஷம். விலாவாரியாச் சொன்னா. நாப்பத்தேழு கோடி வருஷத்துக்கு முன்னாடி தரைன்னா வெறும் பாறையாம். தண்ணியில சுகமா இருந்த செடி கரையேறினப்ப அதுக்கு வேரே கிடையாதாம். பூஞ்சைதான் பாறையைக் கரைச்சுச் சத்தை எடுத்துக் கொடுத்துச்சாம், பதிலுக்குச் செடி வெயில்ல சர்க்கரை சமைச்சு அதுக்குப் போட்டுச்சாம். குடிவந்த அன்னிக்கே பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு குடம் தண்ணி கொடுக்கிற மாதிரின்னு வெச்சுக்கலாம். பூஞ்சை கூட இருந்தா அந்தப் பச்சை எப்படி வளருது, இல்லேன்னா எப்படித் திண்டாடுதுன்னு பாக்கத்தான் ஆறு, ஆறு தட்டு.

"அந்தக் கூட்டு மட்டும் இல்லேன்னா நீங்களும் இல்ல, நானும் இல்லப்பா" என்றாள்.

முப்பத்தெட்டு வருஷமா யாரை அடிச்சு விரட்டிக்கிட்டு இருந்தோம்னு அப்பத்தான் உறைச்சது. தண்ணியெல்லாம் தெளிச்சாச்சும்மான்னு மட்டும் சொல்லி போனை வெச்சுட்டேன்.

போன பூஞ்சையைத் திருப்பிக் கொண்டுவந்துட்டா ஆச்சுன்னு மறுநாளே கிளம்பினேன். பேக்கரியில வீணாப்போன ரொட்டி கேட்டேன், மாட்டுக்கான்னு கேட்டான், மகளோட படிப்புக்குன்னேன், காசு வாங்கல. காய்கறிக் கடையில காளான் வாங்கிப் பொடியா நறுக்கி நட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரர் பூஞ்சை பிடிச்ச அவர் குளியலறைச் சுவரைப் பாக்கச் சொல்லி எட்டு மாசமாக் கெஞ்சிட்டிருக்கார். அவர்கிட்டயே கரண்டியோட போய், கொஞ்சம் சுரண்டிக்கட்டுமான்னு நின்னேன். மனுஷன் என் நெத்தியில கைவெச்சுப் பாத்தார். இப்ப மூணு தட்டுல ரொட்டி நீலமாப் பூத்திருக்கு, ரெண்டுல காளான் அழுகிப்போச்சு, ஒண்ணுல என்ன வளருதுன்னே தெரியல, ஆனா வேகமா வளருது. நாத்தம் தாங்காம என் வீட்டுக்காரி, தட்டா நானான்னு முடிவு பண்ணச் சொல்லிட்டா.

அம்மா, அவ நாளைக்கு வந்துடுவா. மூணு வருஷ உழைப்பு. ஆய்வேட்டை ரெண்டு மாசத்துல கொடுக்கணுமாம். தப்பு முழுக்க என்னுது. அவளை ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க, ஆறு மாசம் தவணை கொடுங்க. வேணும்னா ஆய்வுக்கூடம் பூரா நானே பெயிண்ட் அடிச்சுத் தரேன். வேண்டாம், அதுவும் வேண்டாம்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நோய்நொடி அண்டாமல், சுவரில் ஈரம் ஏறாமல் பல்லாண்டு வாழ வேண்டும் என்று வேண்டி நிற்கும்,

தங்கள் மாணவியின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தவள், பையைக்கூட இறக்காமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நிஜத் தட்டுகள் ஆய்வுக்கூடத்தில் பூட்டிய அறையில் இருக்கின்றனவாம். வீட்டுக்கு வந்தவை கழித்துப்போட்ட உதிரிகளாம், தூக்கிப்போட மனம் வராமல் எடுத்துவந்தாளாம். "வீட்ல பெயிண்டர் இருக்காரு, நல்லதைக் கொண்டுபோகாதே" என்று தாங்கள்தான் சொல்லி அனுப்பினீர்களாம். ஆகவே மேற்கண்ட மன்னிப்பு, தவணை அனைத்தையும் ரத்து செய்துகொள்ளவும். ஆனா அம்மா, நாலு நாளா சோறு இறங்காம நான் தவிச்சது கழிச்சுப்போட்டதுக்கா? எனக்கு மனசு ஆறல. திங்கட்கிழமை காலையில நேர்ல வரேன். பூஞ்சையோட இருக்கிறதுல நல்ல தட்டா ஒண்ணு, என்னை நம்பிக் கொடுங்க.