மூன்று டாக்டர்களும் அப்பாவும் ஒரே மேடையில்

எங்கள் பக்கத்தில், ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு இன்னொரு டாக்டரிடமும் காட்டுகிறேன் என்று சொல்வது மரியாதைக் குறைவு. பந்தியில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக் குழம்பைப் புகழ்வது மாதிரி. திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் மருத்துவமனை நிர்வாகம் படித்தபோது, இருந்த கொஞ்சநஞ்ச ஊர் அறிவையும் கழற்றி வைத்துவிட்டேன்.

என் வேலை சின்ன கிளினிக்குகளை ஒன்றோடொன்று இணைப்பது. ஒரு நோயாளிக்கு ஒரே ஃபைல். அவருடைய எல்லா டாக்டர்களும் அதைப் பார்க்கலாம். அவர் எத்தனை தடவை வந்தார் என்பதை வைத்து அல்ல, எவ்வளவு நலமாக இருக்கிறார் என்பதை வைத்தே டாக்டருக்கு மதிப்பு. (நல்ல யோசனைதான். கெடுத்தது நான்.) நாலு மாதம் நாயாக அலைந்து மூன்று பேரைச் சம்மதிக்க வைத்தேன். சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், தலைவலியோ காய்ச்சலோ எதற்கும் ஊசி போடும் பொது மருத்துவர் ஒருவர்.

அப்பா தாடிக்கொம்புப் பக்கம் மல்லிகைத் தோட்டம் போட்டிருந்தார். காலையில் பூப்பறிக்கப் போன இடத்தில் வியர்த்து, கை நடுங்கி, இரண்டு தடவை விழுந்திருக்கிறார். "வெறும் வயித்தோட போனா அப்படித்தான்" என்று நான் போனிலேயே வைத்தியம் சொன்னேன். வீட்டுச் சுவரில் மூன்று ஆணிகளில் மூன்று மருந்துப் பைகள் தொங்கும். அப்பா எவ்வளவு ஒழுங்கு என்று பெருமைப்பட்டேனே தவிர, யாரிடம் போகிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஊரில் உள்ள அத்தனை பேர் ஃபைலையும் இணைக்கப் போகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

தொடக்க விழா ஒரு கல்யாண மண்டபத்தின் ஏசி ஹாலில். செய்து காட்ட ஒரு நோயாளி வேண்டும். பேசி வைத்திருந்த நத்தத்துக்காரர் மாங்காய் பறிப்பு என்று வராமல் இருந்துவிட்டார். உடனே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"செத்த நேரம் சும்மா வந்து உக்காருங்கப்பா. மூணு பையையும் எடுத்துட்டு வாங்க."

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்று மேடையைப் பார்த்தவர் அப்படியே திரும்பினார்.

"தாயி, வயிறு ஒரு மாதிரி இருக்கு. நான் வீட்டுக்குப் போறேன்."

"கூச்சப்படாதீங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய் மேடையில் உட்கார வைத்தேன். பைகளை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். நான் குனிந்து எடுத்து, கூட்டத்துக்கு நன்றாகத் தெரியட்டும் என்று மேஜையில் கொட்டினேன்.

"இவரு என் பேஷண்ட்டாச்சே" என்றார் சர்க்கரை டாக்டர்.

"எனக்கும்தான்" என்றார் இதய டாக்டர்.

பொது மருத்துவர் மாத்திரை அட்டைகளைப் புரட்டினார். அவர் எழுதிய சர்க்கரை மாத்திரையும் சர்க்கரை டாக்டர் எழுதியதும் பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. இருபது வருடமாகப் பார்த்த பொது மருத்துவரை விட அப்பாவுக்கு மனசில்லை; சொந்தக்காரர் கூட்டிப்போய்க் காட்டிய சர்க்கரை டாக்டரையும் விட முடியவில்லை. அதனால் இருவர் கொடுத்ததையும் தின்றிருக்கிறார். தோட்டத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி விழுந்தது அதனால்தான்.

அப்பா எழுந்து நின்று மூன்று பேரையும் பார்த்துக் கும்பிட்டார். "கோவிச்சுக்காதீங்கய்யா. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் சொல்லல."

எங்கள் கம்பெனி மேனேஜர், எல்லாம் என் ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டினார். அவரைப் பார்த்து ஹாலே தட்டியது. கும்பிட்ட கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்பா நின்றார். அந்தக் கைதட்டலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதலில் என்னை.

மறு வாரம் அப்பா பொது மருத்துவரிடம் போனார். "பெரிய டாக்டரே இருக்காருல்ல, அங்கயே பாத்துக்கங்க" என்றார் அவர். சர்க்கரை டாக்டர், "உங்களுக்கு இருபது வருசமாப் பாக்குறவருதான் சரி" என்றார். இதய டாக்டரின் கம்பவுண்டர் டோக்கனே தரவில்லை. இணைப்புத் திட்டம் அந்த மாதமே படுத்தது. அப்பாவுக்கு நடுக்கம் நின்றது, அது ஒன்றுதான் மிச்சம். மருந்துச் சீட்டு வாங்க இப்போது பஸ் ஏறி மதுரைக்குப் போகிறார்.

வீட்டில் விசேஷம் என்று நாலு பேர் கூடினால் அம்மா ஆரம்பித்துவிடுவார். "எம்மக மூணு டாக்டரையும் ஒண்ணு சேக்கப் போனா. சேத்துப்புட்டாளே! இந்தாளைப் பாக்க மாட்டோம்னு மூணு பேரும் ஒண்ணாச் சொல்லிட்டாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். அதிகமாகச் சிரிப்பது அப்பாதான்.

போன பொங்கலுக்கு அவர் செருப்பில்லாமல் நொண்டி நடந்ததைப் பார்த்தேன். பாதத்தில் கட்டு. சர்க்கரைக்காரருக்குக் காலில் புண் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை மாதமாக இருக்கிறதாம். அம்மாவுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், பூக்கடைக்காரருக்கும் தெரியும்.

"எங்கிட்ட மட்டும் ஏம்ப்பா சொல்லல?"

"உம் மனசு நோகக் கூடாதுன்னுதான் தாயி" என்று சொல்லி, காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.