செர்ரி வாசம் பிடிப்பவர்

2004-ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும் சிவகாசியில் இந்த இனம் கிடையாது. அந்த மாதம் ஜெர்மனியில் நடந்த அச்சு இயந்திரக் கண்காட்சிக்கு ஊரிலிருந்து ஒரு கூட்டம் போனது. எல்லோரும் இயந்திரங்களின் விலையைக் கேட்டுவிட்டு நேராகத் திரும்பி வந்தார்கள். ஒருவர் மட்டும் பிரான்ஸ் வழியாக வந்தார். அப்படி வந்தவர்தான் ஒயின் ரசிகர். குடிப்பவர் என்று சொல்லிவிடாதீர்கள். குடிப்பவர்களை இவருக்குப் பிடிக்காது.

நமக்குத் தெரிந்தவர் சங்கரபாண்டியன், காலண்டர் அச்சடிக்கும் ஆப்செட் அச்சக முதலாளி. மூன்று வகைத் திராட்சையைக் கலந்து செய்த பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். முதல் பாட்டிலைச் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துத் திறந்தார். கட்டைவிரல் உயரம் ஊற்றி, வெள்ளை ஆர்ட் பேப்பருக்கு முன்னால் பிடித்து, மெஜந்தா தூக்கல், மஞ்சள் அளவு, கருப்பு ஒரு சொட்டு என்று முதலில் நிறம் பார்த்தார்; பிறகு சுழற்றினார்; மூக்கை உள்ளே விட்டார்; கண்ணை மூடினார். வீடே காத்திருந்தது. கண்ணைத் திறந்து, "செர்ரி, புகையிலை, மழை பெஞ்ச மண்ணு" என்றார். மூன்றும் அதே வரிசையில் பாட்டிலின் பின்பக்கம் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன.

நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை வைத்திருக்கும் தங்கச்சாமி, ஒயினில் போட ஐஸ் கேட்டார். அது இன்றுவரை மன்னிக்கப்படவில்லை.

"மூணு திராட்சைய அளவா கலந்திருக்கான் அண்ணாச்சி. அதுதான் வித்தை," என்றார் சங்கரபாண்டியன்.

"நாங்களும் மருந்தை அளவாத்தான் கலக்குறோம். யாரும் மோந்து பாத்துக் கண்ண மூடுறதில்லயே."

இரண்டாவது பாட்டில் அச்சக அலுவலகத்துக் கண்ணாடி அலமாரிக்குப் போனது. காலண்டர், தீப்பெட்டி லேபிள், சேலைக்கடை அட்டைப்பெட்டி ஆகியவற்றின் நடுவில், லேபிளின் தங்க ஜரிகை தெரிகிற மாதிரி, நின்ற வாக்கில், தலைக்கு மேல் ஒரு விளக்குடன். நன்றாக அச்சான பொருளை வெளிச்சத்தில் வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். உள்ளே இருப்பதைப் பற்றி அச்சடிப்பவன் என்றைக்குக் கவலைப்பட்டான்?

ஒயின் கிடைக்காத நாட்களில் ரசிகர் சும்மா இருப்பாரா? பன்னீர் சோடாவைச் சுழற்றுவார். பந்தியில் ரசத்தை மோந்து பார்ப்பார். பாயசத்தின் ருசி தொண்டையில் நிற்கவில்லை என்று பக்கத்து இலைக்காரரிடம் வருத்தப்படுவார். இப்படியே இரண்டு கோடை போயிற்று.

பெங்களூரில் ஒரு ஒயின் கம்பெனி, லேபிள் அச்சடிக்க ஆள் தேடி ரோஷினி என்ற அதிகாரியை அனுப்பியது. காலண்டர் சீசன் முடிந்தால் அரை வருஷம் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் இயந்திரம், இந்த ஆர்டர் வந்தால் வருஷம் முழுக்க ஓடும். மாதிரி அச்சை ரோஷினி லென்ஸ் வைத்துப் பார்த்தார். சிவப்பு அருமை என்றார். அதோடு காபி கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒயின்காரர் வீடு தேடி வந்திருக்கும்போது ரசிகரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? பாட்டில் அலமாரியிலிருந்து இறங்கியது.

தங்கச்சாமி வந்தார். இரண்டு தெரு தள்ளி அச்சகம் வைத்திருக்கும் மச்சினன் சுந்தரபாண்டியும் வந்தார். சங்கரபாண்டியன் சுழற்றி, மோந்து, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடினார். செர்ரி, புகையிலை, மண். எதுவும் விடுபடவில்லை.

"புளிக்குது அத்தான்," என்றார் சுந்தரபாண்டி.

"உன் நாக்கு இன்னும் பழகல மாப்ளே."

ரோஷினி ஒரு வாய் எடுத்தார். காலி டம்ளர் ஒன்று கேட்டு வாங்கி, அதில் துப்பினார். ரசிகர் அசரவில்லை, பிரான்சில் அதுதான் முறை என்று மற்றவர்களுக்கு விளக்கினார். தங்கச்சாமி மரியாதையாக எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்தார்.

இது எங்கே இருந்தது என்று ரோஷினி கேட்டார். சங்கரபாண்டியன் பெருமையோடு விளக்கைப் போட்டு அலமாரியைக் காட்டினார்.

"சார், சூட்டுல இது கெட்டு வினிகராயிருச்சு."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சிரித்து, வாயைக் கொப்பளித்து, பேச்சை லேபிளுக்குத் திருப்பியிருப்பீர்கள். ரசிகர் மறுபடி மோந்து பார்த்தார்.

"அந்த ஊரு ஒயினுக்கே உள்ள குணம் மேடம். போகப்போகத்தான் செர்ரி வரும்."

மாதிரி அச்சை ரோஷினி திரும்ப எடுத்துப் பார்த்தார். "எங்க லேபிள்ல சிவப்பு மாறி வந்தாலும் இப்படித்தான் சொல்லுவீங்களா சார்?"

ரசிகர் அடுத்த வாயை உறிஞ்சினார். கடைசிச் சொட்டு வரை விழுங்கித்தான் எழுந்தார். ஆர்டர் சுந்தரபாண்டிக்குப் போனது.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் மேலே செர்ரி என்று எழுதியபோது நீங்களும் தலையாட்டினீர்களே, செர்ரி தின்றிருக்கிறீர்களா? பேக்கரியில் கேக்கின் மேல் இருந்ததைச் சொல்லாதீர்கள். அது சாயமேற்றிய களாக்காய்.

சுந்தரபாண்டிக்கு இப்போது புது லேபிள் அச்சாகும்போதெல்லாம் கம்பெனியிலிருந்து ஒரு பாட்டில் வருகிறது. போன வாரம் மதுரைக்குப் போய்க் காம்பு வைத்த கிளாஸ் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டில் பாட்டிலைத் திறக்கிறார்கள். தங்கச்சாமி, துப்புவதற்குச் சொந்தமாக டம்ளர் கொண்டு வருகிறார்.