எந்த உரம் வேலை செய்தது?

"ரெண்டு கிராம் கூடிப்போச்சு" என்று தராசுத் தட்டிலிருந்து முளைகட்டிய பயறு மாவைச் சிட்டிகையாக அள்ளி டப்பாவில் போட்டான் ராசாங்கம்.

"ரெண்டு கிராமுல என்னங்க ஆயிடப் போவுது?" கட்டிலில் சாய்ந்து, அவன் போட்டுக் கொடுத்த காபியை உறிஞ்சியபடி கேட்டாள் வெற்றிச்செல்வி.

"மக்காச்சோளத்துக்கு ஜிங்க் கூடிப்போனா என்னாவும் தெரியுமா?"

"நான் மக்காச்சோளம் இல்லீங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

பேச்சுக்கு இல்லை. பாடாலூர் மெயின்ரோட்டில் உரக்கடை வைத்திருக்கும் ராசாங்கத்தைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வியாதிகள்தான். ஒன்று பூச்சி, இன்னொன்று சத்துக் குறைபாடு. மனைவிக்கு வந்தது பூச்சி இல்லை என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன?

அவர்கள் சொன்ன பெயர் மைட்டோகாண்ட்ரியா கோளாறு. உடம்பின் செல்களுக்குள்ளே சக்தி தயாரிக்கிற சமாச்சாரம் ஒன்று இருக்கிறதாம். வெற்றிச்செல்விக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. நாலு துணி அலசினால் கை துவண்டுவிடும். மத்தியானத்துக்குள் இமைகள் தாமாகவே இறங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், ஒருநாள் கரும்பலகையில் பாதி வரி எழுதும்போதே கை தொங்கிப்போய் லீவில் வந்தவள்தான். மறுபடி அந்தக் கரும்பலகை முன்னால் போய் நிற்கவேண்டும். அது ஒன்றுதான் அவள் ஆசை. அதற்கு, ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரம்பலூருக்கு வருகிற நரம்பு டாக்டர் குருமூர்த்தி சர்டிபிகேட் தரவேண்டும்.

டாக்டர் மூன்று மாத்திரைகள் எழுதியிருந்தார். "சத்து மாவு, பொடி, டானிக் எதுவானாலும் என்னைக் கேட்டுட்டுக் குடுங்க" என்றும் சொல்லியிருந்தார்.

மூட்டையில் அச்சடித்திருக்கும் அளவை எந்த விவசாயி மதித்தான்? ராசாங்கமும் டாக்டர் பேச்சை மதிக்கவில்லை. செந்துறை மாமா சொன்னார் என்று முருங்கைக்கீரைப் பொடி வந்தது. அரியலூரில் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கும் சிநேகிதன் மாயவன் சொன்னான் என்று கருப்புக்கவுனி அரிசி வந்தது. வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னார்கள் என்று பீட்ரூட் வந்தது. காலையில் கஞ்சி, சாயங்காலம் ஜூஸ், ராத்திரி பாதாம் பால்.

அளவு விஷயத்தில் ராசாங்கம் யாரையும் நம்பமாட்டான். கல்யாணமான நாளிலிருந்து உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாழ்ந்தவன், இப்போது விடியற்காலையில் எழுந்து வறுத்தான், இடித்தான், காய்ச்சினான். அடுப்பு எரிந்துகொண்டுதானே இருக்கிறது என்று அப்படியே இட்லியும் ஊற்றினான். ஜூஸ் போடுவதற்காகக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தவன், அப்படியே ராத்திரிச் சப்பாத்தியையும் தேய்த்தான். பாதாம் பாலில் சாம்பார் வாடை ஏறிவிடக்கூடாது என்று, ராத்திரி வீட்டிலிருக்கும் எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்தான்.

"குடி செல்வி."

"ஆறட்டுங்க. கொல்லைப்பக்கம் காத்தாட உட்காந்து குடிச்சுக்கறேன். நீங்க குளிச்சிட்டு வாங்க."

இரண்டே மாதம். வெற்றிச்செல்வி தெருமுனை வரை நடந்தாள். சாயங்காலம் வரை இமை இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குக்கூடச் சொல்லிக் கொடுத்தாள்.

டாக்டர் குருமூர்த்திக்கு ஆச்சரியம். "ரொம்ப நல்லாயிருக்கீங்களே!"

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் ராசாங்கம் இல்லை. பையைக் கவிழ்த்து டப்பாக்களை மேஜைமேல் வரிசையாக அடுக்கினான். "எல்லாம் நம்ம தயாரிப்பு சார்."

டாக்டரின் முகம் கஷாயம் குடித்தது போலானது.

"இவ்வளவு கலந்து குடுத்தா எது என்ன பண்ணுதுன்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது? எல்லாத்தையும் நிறுத்துங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை இதே தெம்போட வந்தாங்கன்னா சர்டிபிகேட் தரேன். இல்லன்னா லீவை நீட்டிக்க வேண்டியதுதான்."

வழியெல்லாம் ராசாங்கம் யோசித்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது முடிவுக்கு வந்துவிட்டான்.

"ஒரேயடியா நிறுத்தக்கூடாது செல்வி. ஒரு பாத்திக்குப் போடணும், பக்கத்துப் பாத்திக்குப் போடாம விடணும். அப்பத்தான் எந்த உரம் வேலை செஞ்சுதுன்னு தெரியும்."

"பக்கத்துப் பாத்திக்கு எங்க போவீங்க? நான் ஒருத்திதான இருக்கேன்."

"அதான் கஷ்டமா இருக்கு" என்றான் ராசாங்கம், உண்மையான வருத்தத்தோடு. "சரி, ஒவ்வொண்ணா நிறுத்திப் பாப்போம்."

திங்கட்கிழமை கஞ்சியை நிறுத்தினான். விடியற்காலையில் எழுந்திருக்க வேலை இல்லாததால் வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினான். எழுந்து, சுடச்சுட இட்லி தின்றுவிட்டுக் கடைக்குப் போனான். பத்து மணிக்கு போன் வந்தது.

"ஏங்க, கண்ணையே தொறக்க முடியலீங்க."

"பாத்தியா! கஞ்சியிலதான் உசுரே இருக்கு!" கடையில் யூரியா வாங்க வந்தவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை கஞ்சி திரும்பியது, ஜூஸ் நின்றது. சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரம் இல்லை. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு பற்றி நாலு விவசாயிகளோடு சாவகாசமாகப் பேசிவிட்டு எட்டரைக்கு வந்தான். சப்பாத்திக் கட்டையில் பாதி தேய்த்த சப்பாத்தி கிடந்தது. பக்கத்திலேயே தரையில் வெற்றிச்செல்வி படுத்திருந்தாள்.

"பீட்ரூட்டும் முக்கியம்" என்று விரலை மடக்கினான் ராசாங்கம்.

புதன்கிழமை பாதாம் பால் நின்றது. சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டான். காலையில் பாத்திரமெல்லாம் பளபளவென்று கவிழ்ந்திருந்தது. வெற்றிச்செல்வியால்தான் சீப்பைத் தலைவரை தூக்க முடியவில்லை.

"ஒண்ணுகூட வேஸ்ட் இல்ல செல்வி! எல்லாமே வேலை செய்யுது! எந்தக் கம்பெனி உரமும் இப்படி வேலை செஞ்சதில்ல!"

"சந்தோஷங்க" என்றாள் அவள் ஈனஸ்வரத்தில். "டாக்டருக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

அங்கேதான் இடித்தது. கொடுத்தால் சர்டிபிகேட் இல்லை. கொடுக்காவிட்டால் தெம்பு இல்லை.

மாயவனுக்கு போன் போட்டான். "டாக்டருக்குத் தெரியாத மாதிரி ஏதாவது இருக்காடா?"

"ஸ்பைருலினா இருக்கு. சுருள்பாசி."

"குளத்துப் பாசியா?"

"ஆமா. ஆனா மாத்திரை மாதிரி இருக்கும்."

அது காதில் விழ, வெற்றிச்செல்வி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "பாசி, கீசின்னு வாங்கிட்டு வந்தீங்கன்னா எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். டாக்டர்கிட்ட என்னால பொய் சொல்ல முடியாது. எல்லாத்தையும் நிறுத்துங்க."

நிறுத்தினான். வியாழக்கிழமை டப்பாக்களைப் பரண்மேல் ஏற்றினான். உரலைக் கழுவி மூலையில் கவிழ்த்தான். அடுப்படிப் பக்கம் போகவே மனசு வராமல் கடையே கதியென்று கிடந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தபோது வெற்றிச்செல்வி வாடிய தக்காளிச் செடி மாதிரி சுவரில் சாய்ந்திருந்தாள். கையில் பாதி அரிந்த வெண்டைக்காய். இமைகள் முக்கால்வாசி இறங்கியிருந்தன.

"நாளைக்கு இப்படியே போனா லீவுதான்" என்றாள். "பிள்ளைங்க புது டீச்சரோட பழகிடுவாங்க."

ராசாங்கம் தலையில் கைவைத்து எதிரே உட்கார்ந்துவிட்டான். கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டுக் கலியம்மாள் காலி வாளியோடு நின்றாள்.

"டீச்சரு, ரெண்டு மூணு நாளா கஞ்சிய காணுமே? ஆடுங்க படலை முட்டிச் சாய்க்குதுங்க."

வெற்றிச்செல்வி அவசரமாகக் கண்ஜாடை காட்டினாள். இமை இறங்கியிருந்ததால் ஜாடை போய்ச் சேரவில்லை.

"எந்தக் கஞ்சி?" என்றான் ராசாங்கம்.

"நீங்க காய்ச்சுற கஞ்சிதான்ண்ணே. அப்புறம் அந்த செவப்புத் தண்ணி, பாதாம் பாலு. எங்க கெடா எப்படி மினுமினுன்னு இருக்கு, வந்து பாருங்க!"

ராசாங்கம் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"டாக்டர் குடுத்த மாத்திரை தவிர எதையும் நான் வாயில வெக்கலீங்க" என்றாள் அவள் தரையைப் பார்த்து. "நீங்க ஆசை ஆசையா இடிச்சீங்க. வேணான்னு சொல்ல மனசு வரல."

"மொத்தமும் ஆட்டுக்கா?"

"மொத்தமும்."

அவனுக்குக் கோபம் வருவதற்குள் குழப்பம் முந்திக்கொண்டது.

"அப்ப கஞ்சிய நிறுத்தினதும் நீ ஏன் சோந்து போன? ஜூஸ நிறுத்தினா ஏன் தரையில கிடந்த? ஆடு குடிக்கிறத நிறுத்தினா உனக்கு ஏன் கை வெளங்காமப் போவுது?"

வெற்றிச்செல்வியும் இப்போதுதான் அதை யோசிப்பவள் போல முழித்தாள்.

வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பிய கலியம்மாள் கொல்லை வாசப்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்ணே, நீங்க கஞ்சி காய்ச்சாத அன்னைக்கு இட்லி யாரு ஊத்துனது?"